முற்றத்துக்கு எத்தனை நட்சத்திரம்?

செட்டிநாட்டு வீடுகளைப் பற்றிய கட்டுரைகளில் 'அந்தக் காலத்துப் பசுமைக் கட்டடம்' என்ற வரி தவறாமல் வந்துவிடும். சரி, இன்றைய முத்திரை முறைகள் இந்த வீடுகளுக்கு என்ன மார்க் போடும்? கணக்கு போட்டுத்தான் பார்ப்போமே.

இந்தியாவில் முத்திரைகளுக்குப் பஞ்சமில்லை. அமெரிக்காவிலிருந்து வந்த லீட், 2001ல் தொடங்கிய ஐ.ஜி.பி.சி., டெரி நிறுவனம் உருவாக்கிய கிரிஹா எல்லாம் தண்ணீர், மின்சாரம், பொருட்கள் என்று தனித்தனியாகப் புள்ளி போட்டுக் கூட்டுபவை. மத்திய அரசின் பி.இ.இ. தரும் நட்சத்திரம் எளிமையானது. ஆண்டு மின்சார யூனிட்டைக் கட்டடத்தின் பரப்பால் வகுக்கணும், அவ்வளவுதான். 2009ல் அலுவலகங்களுக்கு வந்தது. 2019ல் வீடுகளுக்கும் இதே சதுர மீட்டர் அடிப்படையில் வந்தது.

இந்த வகுத்தலைக் காரைக்குடிக்குக் கொண்டு வாங்க. 2,000 சதுர மீட்டர் வளவு வீட்டில் ஒரு ஆச்சியும் ஐயாவும் மட்டும் இருக்கிறார்கள், ஆண்டுக்கு 2,400 யூனிட் செலவு என்று வைத்துக்கொள்வோம். சதுர மீட்டருக்கு 1.2 யூனிட். அதே 2,400 யூனிட்டை 80 சதுர மீட்டர் ஃபிளாட்டில் நான்கு பேர் செலவழித்தால் 30 யூனிட். தலைக்குப் பார்த்தால் ஆச்சி வீட்டில் 1,200, ஃபிளாட்டில் 600. சிக்கனமாக இருப்பவர்கள் கணக்கில் தோற்கிறார்கள். பூட்டிக் கிடக்கும் வீடோ எல்லாரையும் ஜெயித்துவிடும்!

தடித்த சுவரும், அடுக்கடுக்கான நாட்டு ஓடும், சூட்டை மேலே விடும் முற்றமும் ஃபேன் ஓட்டத்தைக் குறைக்கும். அது பில்லில் தெரியும். கூரைத் தண்ணீர் முற்றத்தில் இறங்கி ஊருணிக்குப் போகிற ஏற்பாடு பில்லில் வராது. பர்மா தேக்கும் இத்தாலிப் பளிங்கும் கப்பலேறி வந்த செலவும் வராது. பின்னதை, புகழ்கிறவர்களும் வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

இதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று உண்டு. இடித்த வீடுகளின் தூண்களும் கதவுகளும் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் நிற்கின்றன. அப்படி இடித்த மனையில் புதுசாக ஒன்றைக் கட்டி நட்சத்திரம் வாங்கலாம். இடித்ததற்கு அந்த நட்சத்திரத்தில் கழிவு கிடையாது. பழைய கட்டடத்தை மீண்டும் பயன்படுத்தினால் லீட் முறையில் புள்ளி உண்டுதான். ஆனால் அது கூடுதல் மார்க். இடித்தால் கழித்துக்கொள்கிற மார்க் இல்லை.

முத்திரையே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. அளவுகோல் இல்லாமல் 'பசுமை' என்று சொல்வது வெறும் விளம்பரம். அதனால் அடுத்த முறை நட்சத்திரப் பலகை எதையாவது பார்த்தால் இரண்டு கேள்வி கேளுங்க: தலைக்கு எத்தனை யூனிட்? இதற்கு முன்னாடி இங்கே என்ன இருந்தது?