கிழவியின் 'நான்'

'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' 1974இல் அமெரிக்காவில் வெளிவந்தது. மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பகடை உருட்டி, பேசிப் பேசியே நடத்தும் கதையாட்டம். ஆட்டக்காரர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை எடுத்துக்கொள்ள, காவலன், கடைக்காரி, பேய், தேவதை என்று மீதி அத்தனை பேராகவும் பேசுபவர் ஆட்டத்தை நடத்துபவர். அந்த மீதிப் பாத்திரங்களில் ஒரு பெண் வேற்றுலகத்தவளாக வரும்போது அவளை எதைக்கொண்டு உருவாக்குகிறார்கள் என்பதே என் கேள்வி.

2014இல் வந்த 'மான்ஸ்டர் மேனுவல்' நூலில் 'ஸீ ஹேக்' என்றொரு கடல் சூனியக்கிழவி இருக்கிறாள். தோற்றமே அவளுடைய ஆயுதம். 30 அடிக்குள் நின்று அவளது உண்மை உருவைப் பார்ப்பவர் பகடை உருட்ட வேண்டும். மனத்திடத்தையும் கூட்டி 11ஐ எட்டாவிட்டால் அஞ்சி நடுங்குவார். முதிய பெண்ணுடல்மீதான அருவருப்பு இங்கே எண் போட்டு எழுதிய விதியாகிவிடுகிறது. இந்தக் கிழவிகள் பிறர் குழந்தையைத் திருடித் தின்றுதான் மகளைப் பெறுகிறார்கள் என்றும் அந்த நூல் சொல்கிறது. பிள்ளை இல்லாதவளைப் பற்றி ஊர் பேசும் பேச்சுதான் இது. இதில் வேற்றுலகம் எங்கே இருக்கிறது?

டேவிட் குக் வடிவமைத்த 'பிளேன்ஸ்கேப்' (1994) வேறு வழியில் போனது. சிகில் நகரை ஆளும் 'லேடி ஆஃப் பெயின்' முகத்தைச் சுற்றிக் கத்திகள் விரிந்திருக்கும். எந்தக் கடவுளும் அவள் நகருக்குள் நுழைய முடியாது. தன்னை வழிபடுபவர்களை அவள் கொல்கிறாள். அவளுடைய பலத்துக்கு எண்கள் எதுவும் தரப்படவில்லை. எனவே அவளை வெல்லக் கணக்கும் இல்லை. வழிபாட்டை மறுக்கும் பெண் என்பதால் எனக்கு இவளைப் பிடிக்கும். ஆனால் இவள் பேசுவதே இல்லை. பீடத்தில் ஏற்றி வாயைக் கட்டுவதும் நமக்குத் தெரிந்த உத்திதான்.

காரைக்கால் அம்மையார் பேயுருவைத் தானே கேட்டுப் பெற்றார் என்கிறது பெரியபுராணம். தம் பதிகங்களில் தம்மைப் பேய் என்றே சொல்லிக்கொண்டு பாடினார். அச்சமூட்டும் உருவுக்குள் இருந்துகொண்டு ஒரு பெண் பேச முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

மேசை ஆட்டத்தில் அதற்கு இடமிருக்கிறது. 'உனக்கு என்ன வேண்டும்?' என்று யாராவது கேட்டுவிட்டால், நடத்துபவர் கிழவியாகி 'நான்' என்று தொடங்கியாக வேண்டும். சுருக்கமும் மருவும் அப்போது உதவாது. அவள் பொன்னைத் தள்ளிவிட்டு, நீங்கள் கடைசியாகச் சொன்ன பொய்யைக் கூலியாகக் கேட்கிறாள் என்று வையுங்கள். 'என் வீட்டுச் சுவரைப் பொய்யால்தான் கட்டுகிறேன். மெய் ஈரம் தாங்காது' என்கிறாள். அவளுக்கென்று ஒரு வீடும் தேவையும் நியாயமும் வந்துவிட்டன. நமக்கு முழுதாகப் புரியாத அந்த நியாயம்தான் அவளை வேற்றுலகத்தவளாக்குகிறது.

இத்தகைய பாத்திரங்களை எழுதும் மாணவிகளிடம் நான் கேட்பது இது ஒன்றுதான்: அவள் எப்படி இருக்கிறாள் என்று எழுதுமுன், அவள் எதை விற்க மாட்டாள் என்று எழுதுங்கள்.