மூன்றாம் திரைக்கு எந்தக் கார்டு?

கரமனையில் ஒரு மேஜையில் இரண்டு மானிட்டர் இருப்பது இப்போது அதிசயமில்லை. கழக்கூட்டத்து டெக்னோபார்க் வேலையை வீட்டிலிருந்தே பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். பென்ஷன் வாங்கிக்கொண்டு காலை 9.15 முதல் மாலை 3.30 வரை பங்குச்சந்தையைப் பார்த்துக்கொண்டிருக்கும் மாமாக்களும் இருக்கிறார்கள். மூன்றாவது மானிட்டரில் ஆசை விழுந்ததும் எல்லோருக்கும் ஒரே யோசனைதான் வருகிறது: மலிவாக இன்னொரு கிராபிக்ஸ் கார்டு. இந்த யோசனை பத்தில் ஏழெட்டுப் பேருக்கு வீண் செலவு என்பது என் கட்சி. மீதிப் பேருக்கும் கடைக்காரர் முதலில் எடுத்து நீட்டும் கார்டு ஆகாது.

அக்கிரஹாரத்தில் பக்கத்து வீட்டு மாமாவின் கேள்வியையே எடுத்துக்கொள்வோம். "கடைப் பையன் ஜிடி 710 போட்டா போதும்கறான். போட்டுடலாமா?" அவரிடம் இருப்பது ஆர்டிஎக்ஸ் 4060. "மாமா, முதல்ல கேபினெட்டைத் திருப்புங்கோ" என்றேன். பின்னால் ஒரு ஹெச்டிஎம்ஐ கேபிளும் ஒரு டிஸ்பிளேபோர்ட் கேபிளும் தொங்கின. அவற்றை ஒட்டி இன்னும் இரண்டு டிஸ்பிளேபோர்ட், வாங்கிய அன்று போட்டிருந்த கறுப்பு ரப்பர் மூடியோடு அப்படியே இருந்தன. புது மானிட்டரில் ஹெச்டிஎம்ஐயும் விஜிஏவும் மட்டும் இருந்ததால், கார்டில் இடம் தீர்ந்துவிட்டது என்று முடிவு கட்டியிருக்கிறார். ஒரு பக்கம் டிஸ்பிளேபோர்ட், மறு பக்கம் ஹெச்டிஎம்ஐ உள்ள கேபிள் ஒன்றே போதும். கார்டிலிருந்து மானிட்டருக்குப் போகிற கேபிளாகப் பார்த்து வாங்கவேண்டும். எதிர்த் திசையில் அது வேலை செய்யாது. என்விடியாவின் ஜீஃபோர்ஸ் கார்டுகள் பலவும் 2012இல் வந்த 600 வரிசையிலிருந்தே நான்கு திரைகள் வரை ஓட்டக்கூடியவை. சின்னக் கார்டுகளில் துளைகள்தான் குறைவு.

துளை நிஜமாகவே தீர்ந்துவிட்டால் அடுத்துப் பார்க்க வேண்டியது பிராசஸர். இன்டெல் ஐ5 12400இல் உள்ளேயே இருக்கும் கிராபிக்ஸ் நான்கு திரை வரை தாங்கும். மதர்போர்டின் பின்பக்கத்தில் எத்தனை துளை உண்டோ அத்தனையும் சும்மா கிடைத்த லாபம். தனிக் கார்டு போட்டதும் பல மதர்போர்டுகள் இந்த உள் கிராபிக்ஸை அணைத்துவிடும். பயாஸுக்குள் போய் 'மல்டி மானிட்டர்' என்ற பெயரில் இருக்கும் அமைப்பை இயக்கினால் உயிர் வந்துவிடும். 12400எஃப் போல வால் எழுத்தாக எஃப் உள்ள பிராசஸரில் மட்டும் இந்த வழி கிடையாது. புதிதாக மெஷின் கட்டும்போது எஃப் வாங்கி மிச்சம் பிடிக்கிற சொற்பக் காசு, பின்னால் இரண்டாவது கார்டு என்ற பெயரில் வட்டியோடு வெளியே போகும். மாமாவுடையதும் எஃப்தான்.

சரி, ஐந்து, ஆறு திரை வேண்டும், உள் கிராபிக்ஸும் இல்லை. இப்போதுதான் இரண்டாவது கார்டைப் பற்றிப் பேசுவதில் அர்த்தம் இருக்கிறது. இங்கே எல்லோரும் பார்ப்பது விலை, அடுத்தபடியாக ஜிபி. இரண்டையும்விட முக்கியம் டிரைவர். ஒரே கம்பெனியின் இரண்டு கார்டுகள் ஒரு மெஷினில் இருந்தால் இரண்டையும் ஒரே டிரைவர் பதிப்பு தாங்க வேண்டும். ஜிடி 710 கெப்ளர் தலைமுறை. அதற்கு என்விடியா கொடுத்த கடைசி டிரைவர் வரிசை 470; 2021க்குப் பிறகு பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் வந்தன, 2024இல் அவையும் நின்றன. அந்த 470க்கு 4060 என்றால் என்னவென்றே தெரியாது. 4060ஐ அறிந்த டிரைவருக்கோ 710ஐத் தெரியாது. ஒன்றை எழுப்பினால் மற்றது படுத்துக்கொள்ளும். 19 வாட், விசிறிச் சத்தம் கிடையாது, விலை மலிவு என்று 710க்குச் சொல்லப்படும் புகழெல்லாம் உண்மைதான். இந்த ஒரு காரணத்துக்காக அதைத் தள்ளிவிடலாம். ஜிடி 730 இன்னும் மோசம்: ஒரே பெயரில் கெப்ளரும் உண்டு, அதற்கும் மூத்த ஃபெர்மியும் உண்டு. அட்டைப்பெட்டியைப் பார்த்து எது எதுவென்று சொல்வது கஷ்டம்.

ஜிடி 1030 (2017) கொஞ்சம் யோசிக்க வைக்கும். 30 வாட், குட்டிக் கார்டு. ஆனால் துளை இரண்டே இரண்டு. அடுத்த வருஷம் அதே பெயரில் டிடிஆர்4 நினைவகம் போட்டு ஒரு பதிப்பு வந்தது. முதல் பதிப்பின் நினைவக வேகம் நொடிக்கு 48 ஜிபி, இதில் ஏறத்தாழ 17 ஜிபி. பங்கு வரைபடத்துக்கு இது உறைக்காது என்றாலும், பெயரை மாற்றாமல் சரக்கை மாற்றியதை நான் மன்னிக்கத் தயாரில்லை. டிரைவர் விஷயத்திலும், இது சேர்ந்த பாஸ்கல் தலைமுறைக்கு 580 வரிசையே கடைசி. 2028 அக்டோபர் வரை பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும். ஏற்கனவே வீட்டில் கிடந்தால் மாட்டலாம், காசு கொடுத்து வாங்க வேண்டாம்.

மிச்சம் மூன்று. என்விடியாவின் டி400 ஒற்றை ஸ்லாட், 30 வாட், மூன்று மினி டிஸ்பிளேபோர்ட். இந்த வேலைக்கென்றே செய்தது போலிருக்கும். ஆனால் அது ஒர்க்ஸ்டேஷன் குடும்பம், டிரைவர் பொதியே வேறு. ஜீஃபோர்ஸுடன் ஒரே மெஷினில் சேர்த்தால் தகராறுக்கு வழி. இன்டெல் ஆர்க் ஏ310 வேறு கம்பெனி என்பதே அதன் பலம்: விண்டோஸ் 7 முதல் இரண்டு கம்பெனி டிரைவர்கள் அக்கம்பக்கமாக இருக்க முடியும். குறை, சும்மா இருக்கும்போதும் கரண்டைக் கொஞ்சம் தாராளமாகக் குடிக்கும். ஜிடிஎக்ஸ் 1650, 2019இல் வந்த டூரிங். 4060க்கு வரும் டிரைவரே இதற்கும் வருகிறது. 75 வாட்டுக்குள் அடங்கும், பல மாடல்களுக்குத் தனி மின்கம்பி வேண்டாம், பெரும்பாலும் மூன்று துளை. குறை, இரண்டு ஸ்லாட் அகலம். மேலே இருக்கும் 4060இன் விசிறிக்கு மூச்சு முட்டக்கூடும்; கரமனையின் மேட மாத வெக்கையில் இது சின்ன விஷயமல்ல.

என் தீர்ப்பு: முதல் கார்டு 20 வரிசை அல்லது அதற்குப் பிந்திய ஜீஃபோர்ஸ், கேபினெட்டில் தாராளமாக இடம் உண்டு என்றால் 1650. இடம் நெருக்கடி என்றால் சின்ன உருவில் வரும் ஏ310.

இதற்கும் முன்னால் மதர்போர்டைத் திறந்து பார்த்துவிட வேண்டும். எச்610 சிப்செட் போர்டுகள் பலவற்றில் நீள ஸ்லாட் ஒன்றுதான். மற்றவை எக்ஸ்1 என்னும் குட்டை ஸ்லாட். அதில் நேராக உட்காரும்படி நான்கு ஹெச்டிஎம்ஐயோடு ஏசஸ் ஒரு கார்டு போட்டது. உள்ளே இருப்பது அதே 710. அப்படிப்பட்ட போர்டு வைத்திருப்பவருக்கு யுஎஸ்பியில் செருகும் டிஸ்பிளேலிங்க் அடாப்டர்தான் கதி. படத்தைச் சுருக்கி அனுப்பும் வேலை பிராசஸர் தலையில் விழும், ஆனால் அசையாத எக்செல் பக்கத்துக்கு அது தாங்கும்.

கார்டு மாட்டியான பிறகு எந்தத் திரையை எதில் செருகுவது என்பதும் உண்டு. முதல் கார்டு வரைந்த படத்தை இரண்டாவது கார்டின் திரையில் காட்ட, அதை பிசிஐ எக்ஸ்பிரஸ் வழியாகக் கடத்த வேண்டும். 1080பி திரை முழுவதும் நொடிக்கு 60 முறை மாறினால் அது நொடிக்குச் சுமார் 500 எம்பி. 4கே என்றால் நான்கு மடங்கு, 2 ஜிபி. மூன்றாம் தலைமுறை எக்ஸ்1 ஸ்லாட்டின் கொள்ளளவே 1 ஜிபிக்குச் சற்றுக் குறைவு. ஆகவே வீடியோவும் ஓடும் வரைபடமும் 4060இல் இருக்கட்டும். ஆர்டர் பட்டியல், மெயில், செய்திப் பக்கம் இவற்றை 1650க்குத் தள்ளிவிடலாம்.