பழகாத மென்பொருளும் தமிழாய்வாளரின் முதல் நாளும்: அருணாசல அட்சரமணமாலையைக் கணினியில் பகுத்த அனுபவத்தின் வழி ஒரு திறனாய்வு

ஆய்வுச்சுருக்கம்

தமிழாய்வாளர் ஒருவர் தமக்குப் பழக்கமில்லாத சொற்பகுப்பு மென்பொருளை முதன்முதலாகக் கையாளும்போது நேரும் பிழைகள் தட்டச்சுப் பிழைகளைப் போல வெளிப்படையானவை அல்ல. அவை ஆய்வு முடிவுகளாகவே தோற்றம் கொண்டுவிடுகின்றன. ரமண மகரிஷியின் அருணாசல அட்சரமணமாலையைப் பகுக்க முற்பட்டபோது கிடைத்த தவறான சொற்பட்டியலைச் சான்றாகக் கொண்டு, தமிழாய்வாளருக்கு வழங்கப்படும் தொடக்கநிலைக் கணினிப் பயிற்சியின் போதாமையை இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

முதன்மைச் சொற்கள்: கணினித்தமிழ், ஒருங்குறி, சொல்லலகு, தொடரடைவு, அகரவரிசை, ரமணர் நூல்கள்.

1. முன்னுரை

1991ஆம் ஆண்டு வெளிவந்த ஒருங்குறியின் முதற்பதிப்பிலேயே தமிழ் எழுத்துகள் இடம்பெற்றன. 1998இல் மதுரைத் திட்டம் தொடங்கி இலக்கியங்கள் மின்பதிப்புப் பெற்றன. 1999இல் சென்னையில் நடைபெற்ற தமிழ் இணைய மாநாட்டை ஒட்டித் தமிழ்99 விசைப்பலகை வகுக்கப்பெற்றது. 2010இல் தமிழ்நாடு அரசு ஒருங்குறியைத் தரமாக ஏற்றது. இவற்றால், தமிழைக் கணினியில் உள்ளிடும் சிக்கல் பெருமளவு தீர்ந்துவிட்டது எனலாம். ஆயினும், ஆய்வாளர்களுக்கு அளிக்கப்படும் பயிற்சி உள்ளீட்டோடு நின்றுவிடுகிறது. உள்ளிட்ட தமிழை எண்ணவும் தேடவும் வரிசைப்படுத்தவும் முனையும்போது ஆய்வாளர் தனித்து விடப்படுகிறார். அந்த இடைவெளியில் நிகழ்வது என்ன என்பதே இக்கட்டுரையின் கருதுகோளுக்கு அடிப்படை.

2. பட்டியலில் காணாமற்போன அருணாசலம்

1896இல் திருவண்ணாமலைக்கு வந்த ரமணர், 1950இல் மறையும்வரை அம்மலையை நீங்கவில்லை. அவர் இயற்றிய அட்சரமணமாலை 108 கண்ணிகளைக் கொண்டது. கண்ணிதோறும் ‘அருணாசலா’ என்னும் விளி பயின்று வருகிறது. எனவே இந்நூலின் சொற்களை எந்த முறையில் எண்ணினாலும் அச்சொல்லே பட்டியலின் தலையில் நிற்க வேண்டும். கணிப்பொறி இன்றியே அறியத்தக்க உண்மை இது.

இக்கட்டுரையாளர் தம் முனைவர் பட்ட ஆய்விற்காக இந்நூலைத் தட்டச்சு செய்து, லாரன்ஸ் ஆண்டனி உருவாக்கிய ஆன்ட்காங்க் என்னும் தொடரடைவு மென்பொருளின் மூன்றாம் பதிப்பு வரிசையில் இட்டபோது, ‘அருணாசலா’ என்னும் சொல் பட்டியலில் எங்கும் இல்லை. அதன் இடத்தில் ‘அர’, ‘ண’, ‘சல’ என மூன்று துண்டுகள் முன்னிலை பெற்றிருந்தன.

மென்பொருள் பழுதடையவில்லை. அது தனக்கு இடப்பட்ட முன்னிருப்பு அமைப்பின்படியே இயங்கியது. ஒருங்குறியில் உயிரெழுத்துகளும் அகரமேறிய மெய்களும் ‘எழுத்து’ என்னும் வகையிலும், உயிர்க்குறிகளும் புள்ளியும் ‘குறி’ என்னும் வகையிலும் அடங்கும். சொல்லலகு என்பது எழுத்துகளால் மட்டும் ஆனது என்று அம்மென்பொருளின் முன்னிருப்பு கொள்கிறது. ஆகவே உகரக் குறியையும் ஆகாரக் காலையும் கண்டவிடத்துச் சொல் முடிந்ததாக அது கருதிவிட்டது. அமைப்பில் ‘குறி’ வகையையும் சேர்த்தவுடன் சொற்கள் முழுமையாகக் கிடைத்தன. பைத்தான் மொழியின் இயல்பான சொல் கண்டறியும் வாய்பாட்டிலும் இதே குறை உண்டு.

இவ்விடத்தில் ஒன்றைச் சுட்ட வேண்டும். அருணாசலம் என்பது அருணம், அசலம் எனப் பிரியும். அசலம் என்பதன் பொருள் அசையாதது, மலை. மென்பொருள் எஞ்சவிட்ட ‘சல’ அசைவைக் குறிப்பது. அசைவின்மையைப் பாடும் நூலில் அசைவே மிகுதியாகப் பேசப்படுகிறது என்று ஒரு கட்டுரை எழுந்திருக்க இயலும். நூலை முன்னரே ஓதி அறிந்திருந்தமையால் இங்குப் பிழை புலப்பட்டது. ஓதி முடிக்க இயலாத பெருந்தரவில் அது புலப்படுவதற்கு வழியில்லை.

3. ஒலிவடிவம், வரிவடிவம், குறியீட்டு வடிவம்

தமிழ் இலக்கண மரபு எழுத்தை ஒலிவடிவம், வரிவடிவம் என இருநிலையில் நோக்குகிறது. மெய் புள்ளி பெறுதலைத் தொல்காப்பியம் நூன்மரபிலேயே பேசுகிறது. அம்மரபில் புள்ளி பெற்ற மெய்யே அடிப்படை. உயிர் ஏறும்போது புள்ளி நீங்கும். ஒருங்குறியிலோ அகரமேறிய மெய்யே அடிப்படை. புள்ளி அதன்மேல் சேர்க்கப்படும் தனிக்குறி. கணினி வழி ஆய்வில் குறியீட்டு வடிவம் என்னும் மூன்றாம் நிலை ஒன்று இவ்வாறு உருவாகியுள்ளது. திரையில் காண்பது வரிவடிவம். மென்பொருள் எண்ணுவது குறியீட்டு வடிவம். இவ்விரண்டும் ஒன்றே எனக் கொள்வதில்தான் தொடக்கநிலையாளரின் பிழை வேர்கொள்கிறது.

இதற்கு அகரவரிசையும் சான்றாகும். அட்சரமணமாலையின் கண்ணிகள் பெரும்பான்மையும் முதலெழுத்தின் அகரவரிசையில் அமைந்தவை. குறியீட்டெண் வழி வரிசைப்படுத்தும் நிரலுக்கு இந்நூலின் முதலெழுத்துகளைக் கொடுத்தால் வரிசை சரியாகவே வரும். இது ஏமாற்றும் சோதனை. ஒருங்குறி வரிசையில் இடம் மாறி நிற்பவை ன, ற, ள, ழ ஆகிய எழுத்துகள். இவை தமிழில் மொழிமுதல் வாரா. சொல்லின் இடையில் இவை வரும்போதே குழப்பம் வெளிப்படும். அவன், அழல், அறிவு, அன்பு என்பது நம் அகராதி மரபு. குறியீட்டெண் வரிசையில் இந்நான்கும் அன்பு, அறிவு, அழல், அவன் எனத் தலைகீழாகின்றன. மேலும், புள்ளி உயிர்க்குறிகளுக்குப் பின் வைக்கப்பட்டிருப்பதால், அகராதியில் ‘அகம்’ என்பதற்கு முன் நிற்க வேண்டிய ‘அக்கம்’ பின்னே தள்ளப்படுகிறது. ஆய்வேட்டின் சொல்லடைவு இவ்வரிசையில் அச்சேறினால், பயனாளர் தேடும் சொல் அங்கு இல்லை என்றே கருதுவார்.

4. ரமணாசிரமம் பகுதியில் ஒரு சொல்

ரமணாசிரமம் பகுதியில், செங்கம் சாலையின் இருமருங்கும் உள்ள பெயர்ப்பலகைகளைக் கள ஆய்வில் பதிவு செய்தபோது ரமணாசிரமம், ரமணாஸ்ரமம் ஆகிய வடிவங்கள் கிடைத்தன. இவை கண்ணுக்குத் தெரியும் வேறுபாடுகள், ஆதலின் கையாளத்தக்கவை. அப்பெயருக்கு முன்னால் நிற்கும் ‘ஸ்ரீ’ அத்தகையதன்று. 2005இல் வெளிவந்த ஒருங்குறி 4.1 பதிப்பில் ‘ஶ’ தனிக் குறியீடு பெற்றது. அதன்பின் அவ்வெழுத்தின் வழி அமைவதே முறையான ‘ஶ்ரீ’ என வகுக்கப்பட்டது. எனினும் ‘ஸ’ வழி அமைக்கும் பழைய முறையும் வழக்கில் தொடர்கிறது. எழுத்துருக்கள் பலவற்றில் இரண்டும் ஒரே வடிவமாகத் தோன்றும். ஒன்றைத் தேடினால் மற்றது கிடைக்காது. இருவர் தட்டச்சு செய்த குறிப்புகளை ஒன்றாக்கித் தேடியபோது, ஒருவருடைய குறிப்புகள் முழுவதும் விடுபட்டுப்போனமைக்கு இதுவே காரணமாயிற்று.

ஔகாரத்திலும் இதே சிக்கல் உண்டு. ‘ஔ’ என்பதை ஒகரமும் ளகரமுமாகத் தட்டியிருந்தால் கண் பொறுத்துக்கொள்ளும், மென்பொருள் பொறுக்காது. ஆகாரக் காலும் ரகரமும், எகரமும் தமிழ் எண் ஏழும் இவ்வாறு மயங்கும்.

5. பயிற்சியின் போதாமை

இக்கட்டுரையாளர் பயின்ற பயிலரங்குகளிலும் கண்ட கையேடுகளிலும் ஓர் ஒழுங்கு காணப்பட்டது. மென்பொருளை நிறுவுதல், கோப்பைத் திறத்தல், பொத்தானை அழுத்துதல், பட்டியலைச் சேமித்தல் என்பதே அவ்வொழுங்கு. எங்கு அழுத்துவது என்பது கற்பிக்கப்படுகிறது. அழுத்தியபின் வந்தது சரியா என்று அறிவது கற்பிக்கப்படுவதில்லை. காட்டாகத் தரப்படும் பனுவல்களும் பெரும்பாலும் ஆங்கிலத்தில் அமைகின்றன. ஆங்கிலத்தில் பிழையின்றி இயங்குவதைக் கண்ட பயிற்சியாளர், தமிழிலும் அது அவ்வாறே இயங்கும் என நம்பிச் செல்கிறார்.

இவை கணினி வல்லுநர் கவனிக்க வேண்டியவை, தமிழாய்வாளர் கவலைப்பட வேண்டியவை அல்ல என்று வாதிடுவோர் உளர். நேரமின்மை கருதி இவ்வாதத்தில் ஓரளவு நியாயமுண்டு. ஆனால் சொல் எது என்று வரையறுப்பது கணினியியல் வினா அன்று, இலக்கண வினா. 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையர், தமக்குப் பழக்கமில்லாத சமண சமயச் செய்திகளைக் கும்பகோணத்துச் சமணர்களிடம் கேட்டறிந்தே நூலுக்குள் புகுந்தார். சுவடிகள் பலவற்றை ஒப்பிட்ட பின்னரே பாடம் கொண்டார். மென்பொருள் தரும் பட்டியலும் ஒரு சுவடியே. அதனை ஒப்பிடாமல் ஏற்பது நம் பதிப்பு மரபிற்கு உடன்பாடானதன்று.

6. முடிவுரை

பழகாத மென்பொருளைத் தொடங்கும் ஆய்வாளர், பெருந்தரவுக்கு முன்னர், தாம் கையால் எண்ணத்தக்க சிறுபனுவல் ஒன்றை அதில் இட்டு இரு விடைகளையும் ஒப்பிட வேண்டும். அச்சோதனைப் பனுவலில் புள்ளி எழுத்துகள், ஒகர ஔகாரக் குறிகள், ற, ன, ழ, ள, ஸ்ரீ ஆகியன இடம்பெற வேண்டும். மூலக் கோப்பை மாற்றாமல் வைத்து, படியொன்றில் எழுத்துக் குறியீடுகளை ஒருமைப்படுத்த வேண்டும். மென்பொருளின் பதிப்பு எண்ணையும் சொல்லலகு அமைப்பையும் ஆய்வேட்டில் பதிவு செய்தல், பயன்படுத்திய நூற்பதிப்பைக் குறிப்பிடுவதற்கு ஒப்பான கடமையாகும். பல்கலைக்கழகங்களின் ஆய்வு நெறிமுறைப் பாடத்தில் இவற்றுக்கு ஒரு பிற்பகல் ஒதுக்கினாலே போதும். அவ்வொரு பிற்பகல் இல்லாமையால் இக்கட்டுரையாளர் முதலில் பெற்ற பட்டியல் முழுவதும் கைவிடப்பட்டது. அது கைவிடப்படாமல் அச்சேறியிருந்தால், பின்வரும் ஆய்வாளர் அதனை மேற்கோளாகக் கொண்டிருப்பார் என்பதே இங்குக் கருதத்தக்கது.