பழைய பாடலின் கடன்

முதுமை எய்திய ஓர் இசைக்குழுவின் நிகழ்ச்சிக்குச் செல்பவர் பெரும்பாலும் புதிய பாடலைக் கேட்கச் செல்வதில்லை. இளமையில் கேட்டதை, அன்று கேட்டவாறே, மீண்டும் ஒருமுறை கேட்கச் செல்கிறார். இரண்டு மணி நேரமேனும் தம் நரையை மறக்க விழைகிறார். இவ்விருப்பத்தில் குற்றமேதுமில்லை. ஆயினும், ஒரு பாடல் யாருடைய துயரத்திலிருந்து பிறந்ததோ அவர்களை அந்த இன்பத்தில் நாம் மறந்துவிடுகிறோமோ என்னும் கேள்வி எழாமல் இல்லை. அயர்லாந்தின் யூ-2 குழுவினர் 2019 டிசம்பர் 15 அன்று நவி மும்பையின் டி. ஒய். பாட்டீல் விளையாட்டரங்கில் பாடினார்கள். இந்தியாவில் அவர்கள் நடத்திய முதல் நிகழ்ச்சி அது. கேட்டுத் திரும்பிய நாள்முதல் இக்கேள்வி என்னோடு இருக்கிறது. ஆண்டுகள் சில கடந்த பின்னர் அதனை இங்கே எழுத முற்படுகிறேன்.

பங்குப் பணியாளருக்கு ராக் இசைக் கச்சேரியில் என்ன வேலை என்று வாசகர் வினவலாம். 1987 மார்ச்சில் அக்குழுவினரின் 'தி ஜோஷுவா ட்ரீ' என்னும் இசைத்தொகுப்பு வெளிவந்தது. விடுமுறைக்குச் சென்று திரும்பிய தோழர் ஒருவர் அதனை ஒலிநாடாவில் பதிந்து எங்கள் குருமடத்திற்குக் கொண்டுவந்தார். எங்கள் படிப்பறைச் சுவரில் அப்போது எல் சால்வதோர் நாட்டுப் பேராயர் ஆஸ்கார் ரொமேரோவின் படம் ஒட்டப்பட்டிருந்தது. 1980-இல் திருப்பலி நிறைவேற்றிக்கொண்டிருந்தபோது சுட்டுக்கொல்லப்பட்ட அவரைத் திரு அவை 2018-இல்தான் புனிதர் என அறிவித்தது. எங்களுக்கோ அவர் அன்றே புனிதர். அந்த ஒலிநாடாவின் கடைசிப் பாடல் அவருடைய மக்களைப் பற்றியது என அறிந்தபோது நாங்கள் அடைந்த வியப்பு பெரிது.

'மதர்ஸ் ஆஃப் தி டிஸ்அப்பியர்ட்' என்பது அப்பாடலின் பெயர். அர்ஜென்டினாவில் இராணுவ ஆட்சி கவர்ந்து சென்ற பிள்ளைகளைத் தேடி, 1977 ஏப்ரல் முதல் புவனோஸ் அயர்ஸ் நகரின் மே சதுக்கத்தில் வெண்ணிறத் தலைத்துணி அணிந்து நடந்த அன்னையர் ஒருபுறம். ரொமேரோவின் ஆதரவோடு எல் சால்வதோரில் ஒன்றுகூடிய அன்னையர் மறுபுறம். 1986-இல் பாடகர் போனோ நடு அமெரிக்க நாடுகளுக்குச் சென்று அந்த எல் சால்வதோர் அன்னையரைச் சந்தித்தார். அச்சந்திப்பின் விளைவே அப்பாடல். அதில் ஆரவாரம் இல்லை. தொலைவில் மழை பெய்வது போன்ற முரசொலியின்மேல், தாலாட்டுக்கும் ஒப்பாரிக்கும் இடைப்பட்ட ஒரு மெட்டு மெல்ல எழுந்து அடங்குகிறது. இரவுச் செபத்திற்குப் பின் தாழ்ந்த ஒலியில் அதைக் கேட்டிருக்கிறோம்.

முப்பத்திரண்டு ஆண்டுகளுக்குப் பின், மும்பை வாழ் தமிழ் மக்களுக்குத் திருவருகைக் காலத் தியானம் கொடுக்கச் சென்றிருந்தேன். ஞாயிறு நண்பகலில் தியானம் நிறைவுற்றது. அங்குப் பணியாற்றும் என் தங்கை மகன் இரண்டு நுழைவுச்சீட்டுகளை ஆயத்தமாக வைத்திருந்தான். "மாமா, அங்கியைக் கழற்றிவிட்டு வாருங்கள், கூட்டத்தில் நசுங்கிவிடும்" என்று கேலி செய்தபடி அழைத்துச் சென்றான்.

தொடக்கம் சிறப்பாக அமைந்தது. முதலில் முரசு வாசிக்கும் லாரி முல்லன் தனியாக நடந்து வந்து அமர்ந்தார். 1976-இல், பதினான்கு வயதில், டப்ளின் நகரப் பள்ளியொன்றின் அறிவிப்புப் பலகையில் ஒரு தாளை ஒட்டி இக்குழுவைத் தொடங்கி வைத்தவர் அவர். படை அணிவகுப்பை ஒத்த அந்த முரசொலி எழுந்ததும் 'சண்டே பிளடி சண்டே' என்று அரங்கமே உணர்ந்துகொண்டது. ஐம்பத்தெட்டு, ஐம்பத்தொன்பது வயதான அந்நால்வரும் பெரிய திரையின் துணையின்றி, மக்கள் நடுவே அமைந்த சிறு மேடையில் நின்று அதனைப் பாடினார்கள்.

1972 சனவரி 30, வட அயர்லாந்தின் டெரி நகரில் குடியுரிமை கேட்டு ஊர்வலம் சென்றோர்மீது ஆங்கிலேயப் படையினர் சுட்ட ஞாயிறு அது. அன்றே பதின்மூவர் இறந்தனர்; காயமுற்ற மற்றொருவர் பின்னர் இறந்தார். குண்டடிபட்ட பதினேழு வயது இளைஞனைச் சிலர் தூக்கிச் செல்ல, அவர்களுக்கு முன்னே குனிந்தபடி இரத்தக்கறை படிந்த வெண்கைக்குட்டையை அசைத்துச் சென்ற குருவானவரின் நிழற்படத்தை நம்மில் பலர் பார்த்திருப்போம். அவர் எட்வர்ட் டேலி. பிற்காலத்தில் டெரியின் ஆயரானார். 1983-இல் போனோ இப்பாடலின்போது மேடையில் வெள்ளைக்கொடி ஏந்தியதைக் காணும்போதெல்லாம் அக்கைக்குட்டையே என் நினைவுக்கு வருகிறது.

இப்பாடல் ஒவ்வொரு காலத்திலும் ஒவ்வொரு விதமாகப் பாடப்பட்டது. 1987 நவம்பர் 8 அன்று எனிஸ்கில்லன் நகரில், போரில் மாண்டோரை நினைவுகூரக் கூடியிருந்தவர்களிடையே ஐரியக் குடியரசுப் படை வைத்த குண்டு வெடித்துப் பதினொருவர் இறந்தனர். அன்றிரவு அமெரிக்காவின் டென்வர் நகரில் பாடிய போனோ, புரட்சியின் பெயரால் நிகழும் கொலையைப் பாடலின் நடுவே சினந்து கண்டித்தார். தம் இனத்தின் காயத்தைப் பாடியவரே தம் இனத்தார் செய்த கொடுமையையும் கண்டித்தது எளிய செயலன்று. 1997 செப்டம்பரில், முற்றுகையிலிருந்து மீண்ட சரயேவோவில், போனோவின் தொண்டை கட்டிவிட்டது. எட்ஜ் தம் கித்தாருடன் தனியே நின்று இதனை மென்மையாகப் பாடினார். போர் முழக்கமாக ஒலித்த பாடல் அங்கே புலம்பலாயிற்று.

குருமடத்தில் 'நினைவுகூர்தல்' என்னும் சொல்லுக்கு எங்களுக்குத் தந்த விளக்கம் ஒன்றுண்டு. கடந்ததை எண்ணி ஏங்குவது அன்று அது. கடந்தது நம்மிடம் வந்து தன் உரிமையைக் கேட்பதற்கு இடங்கொடுப்பது. டென்வரிலும் சரயேவோவிலும் நிகழ்ந்தது அதுவே எனலாம். பழைய பாடலை அன்றைய நாளின் முன் நிறுத்தினார்கள். அந்த நாள் பாடலை மாற்றிற்று. மூத்த கலைஞரின் நிகழ்ச்சியை இவ்வளவுகோலால் அளப்பதே முறை என்பது என் துணிபு. குரல் வளம் குன்றியதா, விரல் தடுமாறியதா என்பவை அடுத்த கேள்விகள். மும்பையில் அவை குறைவின்றியே இருந்தன.

பின்னர் பெரிய மேடைக்குச் சென்று 'தி ஜோஷுவா ட்ரீ' தொகுப்பை முதற்பாடல் முதல் கடைசிப் பாடல் வரை வரிசை பிறழாமல் பாடினார்கள். 200 அடி நீளமும் 45 அடி உயரமும் கொண்ட திரையில் பாலைநிலமும் நெடுஞ்சாலையும் விரிந்தன. நாங்கள் நின்ற இடத்திலிருந்து பாடியவர்கள் கட்டைவிரல் அளவே தெரிந்தார்கள். முதல் மூன்று பாடல்கள் உலகறிந்தவை. அவற்றை மக்கள் பாடினார்கள், குழுவினர் உடன் வாசித்தார்கள் என்று சொல்வதே பொருந்தும். என் கண்களும் ஈரமாயின, அதை மறைப்பதற்கில்லை. ஆனால் ஒலிநாடாவின் மறுபக்கம் தொடங்கியதும் அரங்கம் தளர்ந்தது. அருகிருந்தோர் பேச்சைத் தொடங்கினர். உணவும் பானமும் வாங்க வரிசைகள் நீண்டன. தங்கை மகனும் சென்றான்.

அவன் இரண்டு காகிதக் குவளைகளுடன் திரும்பியபோது திரையில் மெழுகுவர்த்தி ஏந்திய பெண்கள் வரிசையாக நின்றார்கள். கடைசிப் பாடல் தொடங்கியிருந்தது. "இது எதைப் பற்றிய பாட்டு மாமா?" என்று கேட்டான். "காணாமல் போனவர்களின் தாய்மார்களைப் பற்றியது" என்றேன். சொன்ன மாத்திரத்திலேயே நான் சொன்னது தவறு என்று உணர்ந்தேன்.

அத்தவற்றை எனக்குச் சுட்டிக்காட்டியவர் ஒரு தாய். நான் முன்பு பணியாற்றிய பங்கின் எல்லைக்குள் ஈழத்தமிழ் அகதிகள் முகாம் ஒன்று இருந்தது. அங்கிருந்து ஓர் அம்மா ஆண்டுதோறும் தம் மகனின் பிறந்தநாளில் திருப்பலிக் கருத்து எழுத வருவார். முதன்முறை வந்தபோது, உயிரோடிருப்போர் நலனுக்காகவா, இறந்தோர் இளைப்பாற்றிக்காகவா என்று வழக்கம்போல் கேட்டேன். அவர் விடை சொல்லவில்லை. நானாகவே 'காணாமல் போன மகனுக்காக' என்று எழுதினேன். "அவன் போகேல்லை ஃபாதர், கொண்டு போனவங்கள்" என்றார் அவர். பிறகு, "பேரை மட்டும் எழுதுங்கோ. மற்றது எனக்குத் தெரியாது" என்றார். அன்றுமுதல் அந்தப் பதிவேட்டில் ஆண்டுக்கொரு முறை ஒரு பெயர் மட்டும், எந்தக் கருத்துமின்றி, எழுதப்பட்டது.

ஈழத்து அன்னையர் 'காணாமல் போனோர்' என்று சொல்வதில்லை. 'வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோர்' என்பார்கள். செய்தவன் ஒருவன் உண்டு என்பதை இலக்கணத்திலேயே அவர்கள் நிலைநாட்டிவிட்டார்கள். 2017 பிப்ரவரி 20 அன்று கிளிநொச்சியில் கந்தசாமி கோவில் முன்பாக அவர்கள் தொடங்கிய போராட்டம், மும்பையில் அப்பாடல் ஒலித்த இரவில் ஆயிரம் நாட்களைக் கடந்திருந்தது. பிள்ளைகளின் நிழற்படங்களை மடியில் வைத்துக்கொண்டு அவர்கள் அமர்ந்திருந்தார்கள். காணாமல் ஆக்கப்பட்டோரில் நம் குருக்களும் உண்டு. 2006 ஆகஸ்டில் அல்லைப்பிட்டியின் பங்குத்தந்தை ஜிம் பிரவுன். 2009 மே 18 அன்று படையினரிடம் சரணடைந்த மக்களோடு சென்ற, யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியின் முன்னாள் அதிபர் அருள்தந்தை பிரான்சிஸ் ஜோசப். இருவரும் திரும்பவில்லை.

தங்கை மகனிடம் இவற்றைக் கூறத் தொடங்கினேன். நான் முடிக்குமுன் பாடல் முடிந்துவிட்டது. பெண்கள் திரையிலிருந்து மறைந்தார்கள். சிறிது கைதட்டல் எழுந்தது. பின்னர் மகிழ்ச்சிப் பாடல்கள் தொடர்ந்தன.

இதே பாடலை 1998 பிப்ரவரி 11 அன்று சிலி நாட்டின் சாந்தியாகோ நகரில் இக்குழுவினர் பாடினார்கள். 1973-இல் இராணுவம் ஆட்சியைக் கவர்ந்தபோது மக்களை அடைத்து வதைத்த அதே தேசிய விளையாட்டரங்கம். பிள்ளைகளின் நிழற்படங்களைத் தாங்கிய அன்னையர் மேடையேறினார்கள். இறந்தவர்களின் உடல்கள் எங்கே என்று இவர்களிடம் சொல்லுங்கள் எனப் போனோ பினோசேயிடம் வேண்டினார். நாடு தொலைக்காட்சியில் அதைக் கண்டது. கூட்டத்தில் ஆதரவுக் குரலும் எழுந்தது, எதிர்ப்புக் கூச்சலும் எழுந்தது. அந்தக் கூச்சலே பாடல் தைத்தது என்பதற்குச் சான்று. மும்பையில் யாரும் கூச்சலிடவில்லை.

இந்தியாவுக்கென அவர்கள் கொண்டுவந்த காணிக்கை வேறு. ஏ. ஆர். ரகுமானுடன் இணைந்து அவ்வாண்டு வெளியிட்ட 'அகிம்சா' என்னும் பாடலை, ரகுமானும் அவர்தம் புதல்வியரும் மேடையேற, பாடினார்கள். திருக்குறள் அடிகள் அப்பாடலில் இடம்பெற்றிருக்கின்றன. அரபிக்கடலோரத்து அரங்கில் வள்ளுவர் சொல் ஒலிக்கும் பாடலைக் கேட்ட தமிழன் என்ற முறையில் நானும் பூரித்தேன். ஆனால் திறனாய்வு பூரிப்போடு நின்றுவிடலாகாது. அப்பாடல் நம்மைப் பாராட்டுகிறது. நம்மிடம் எதையும் கேட்கவில்லை. இன்னா செய்யாமையை உலகுக்கு ஈந்த நாடு என்று நமக்கு நாமே கைதட்டிக்கொண்டோம். நம்மிடம் கேட்க வேண்டியதைக் கேட்ட பாடலோ, ஒரு மணி நேரத்திற்கு முன்பே, நாம் உணவு வரிசையில் நின்றபோது கடந்து போயிருந்தது.

இதில் பிழை யாருடையது? பழைய தொகுப்பை வரிசை மாறாமல் பாடும் முறையில் ஒரு குறை உண்டு. எங்கு, யார்முன் பாடினாலும் பாடல் தன் எண்ணுக்குரிய இடத்தில் வந்து போகிறது. நின்று பேச நேரமில்லை. அது கலைஞர்களின் பிழை. ஆனால் பெரும்பிழை நம்முடையது. சாந்தியாகோ மக்கள் அப்பாடல் தங்களைப் பற்றியது என்று அறிந்திருந்தார்கள். நாமோ அது ஏதோ தொலைதூர நாட்டின் துயரம் என்று கேட்டோம். நான் முப்பத்திரண்டு ஆண்டுகள் கேட்டும், ஒரு தாய் திருத்திய பின்பும், அன்றிரவு தவறாகவே மொழிபெயர்த்தேன்.

1983-இன் 'வார்' தொகுப்பு 'சண்டே பிளடி சண்டே'யில் தொடங்கி, நாற்பதாம் திருப்பாடலைத் தழுவிய பாடலில் முடிகிறது. இரண்டிலும் திருப்பாடல் ஆசிரியரின் பழைய கேள்வியே நிற்கிறது: இன்னும் எவ்வளவு காலம்? டெரியில் கொல்லப்பட்டோர்மீது சுட்டதற்கு நியாயமில்லை என ஆங்கில அரசு ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது 2010-இல். முப்பத்தெட்டு ஆண்டுகள் ஆயின. இத்தகைய பாடல் ஒருநாள் தேவையற்றுப் போகவேண்டும் என்பதே அதைப் பாடுவோரின் வேண்டுதலாக இருக்கமுடியும். அது இன்னும் புதுமை குன்றாமல் இருக்கிறது என்று நாம் வியக்கிறோம். வியப்பதற்கு அதில் என்ன இருக்கிறது?

மும்பைக்குப் பின் அந்நால்வரும் ஒருங்கே அத்தகைய பயணம் மேற்கொள்ளவில்லை. 2023 செப்டம்பர் முதல் 2024 மார்ச் வரை லாஸ் வேகஸில் நடந்த 40 நிகழ்ச்சிகளில் உடல்நலக் காரணத்தால் முல்லன் முரசு வாசிக்கவில்லை. ஆகவே அன்றிரவு அவர் தனியே நடந்து வந்து அமர்ந்ததைக் கண்டது எனக்குக் கிடைத்த பேறு.

இரவு திரும்பும் வழியில் தங்கை மகன் நெடுநேரம் பேசவில்லை. வீட்டை அடைந்ததும், "மாமா, அந்த அம்மாவின் மகன் பெயர் என்ன?" என்று கேட்டான். சொன்னேன். தன் கைப்பேசியில் அதைக் குறித்துக்கொண்டான். பெயரை மட்டும்.