காதுக்குப் பின்னால் இருக்கிறது கை

ஆன்லைன் கண்காட்சிக்கு நடுவராக முதல்முறை உட்காருகிறீர்கள். திரையில் கள்ளக்குறிச்சி மரச்சிற்பம் ஒன்று, வாகையில் செதுக்கிய பிள்ளையார். முகத்தைப் பார்த்து மார்க் போட்டுவிடாதீர்கள். முகத்தை எல்லோரும் கவனமாகத்தான் செதுக்குவார்கள். படம் எடுப்பவரும் வெளிச்சத்தை அங்கேதான் காட்டுவார். செதுக்கிய கை எப்படிப்பட்டது என்று தெரிய வேண்டுமானால் காதுக்குப் பின்னால் போக வேண்டும்.

காது தலையை விட்டு விலகுகிற அந்த இடுக்கைப் பெரிதாக்குங்கள். நல்ல வேலையில் காதோரம் வெற்றிலைபோல மெலிந்திருக்கும். அதன் அடியில் உளி உள்ளே குடைந்து போயிருக்கும். நிழல் அங்கே கறுப்பாகத் தேங்கி நிற்கும். மேலிருந்து நேராக இறங்கும் கணினிச் செதுக்கு எந்திரத்தால் அப்படி அடிக்குடைவு போட முடியாது. அதன் வெட்டுமுனை சுழல்வது; ஆகவே உள்மூலைகள் சற்றே உருண்டு நிற்கும். கை உளியோ மூலையைக் கூராக முடித்துவிட்டு வெளியே வரும். மாலை மணிகளையும் பாருங்கள். மணிக்கு மணி மயிரிழை மாறினால் அங்கே ஒரு கை இருக்கிறது. எல்லாம் ஒரே அச்சு என்றால் சந்தேகப்படலாம். சந்தேகம்தான், தீர்ப்பு இல்லை. நாற்பது வருடம் பழகிய கையும் அச்சுப்போல் வரும்.

அடுத்து மரம். வாகையின் வைரம் ஆழ்ந்த பழுப்பு. அதைச் சுற்றியுள்ள வெளிறு மங்கிய மஞ்சள். எந்த நிறம் எங்கே விழ வேண்டும் என்பதைக் கட்டையைப் புரட்டிப் பார்த்து, முதல் கோடு போடும்போதே முடிவு செய்தாக வேண்டும். செதுக்கச் செதுக்க மரத்தின் ரேகைகள் உருட்சியான இடங்களில் வளையம் வளையமாக விரியும். தொந்தியில் அந்த வளையங்களின் நடு சரியாகக் கொப்பூழில் வந்து உட்கார்ந்திருக்கும் சிற்பம் கண்ணில் பட்டால் கொஞ்ச நேரம் அங்கேயே நில்லுங்கள். சிற்பி தேர்ந்ததா, மரம் கொடுத்ததா? எப்படியானாலும் நான் அரை மார்க் கூட்டிப் போடுவேன்.

இதையெல்லாம் ரசிக்கத் திரை ஒத்துழைக்க வேண்டும். இரவில் கண்ணுக்கு இதமாக மஞ்சள் பூசும் வசதியை அணைத்துவிடுங்கள். அது இருந்தால் வைரமும் வெளிறும் ஒரே நிறமாகிவிடும். போனில் பார்க்காமல் பெரிய திரையில் பாருங்கள். மார்க் போடாமல் எல்லாப் படங்களையும் ஒரு சுற்று பார்த்து முடித்த பிறகு பேனாவை எடுங்கள். உங்கள் மாணவரின் வேலை என்று அடையாளம் தெரிந்துவிட்டால் அமைப்பாளரிடம் சொல்லி ஒதுங்கிக்கொள்ளுங்கள்.

பிள்ளையாருக்குப் பஞ்ச தாளம்: முகத்தின் நீளம்போல் ஐந்து மடங்கு உயரம். அதை வைத்துத் திரையில் அளக்கப் போகும் முன் ஒரு வார்த்தை. போனை மிக அருகில் பிடித்து எடுத்தால் முன்னே நீட்டியிருக்கும் துதிக்கை வீங்கும், கால்கள் குட்டையாகும். பீடத்தின் நேர்கோடுகள் சரிந்து தெரிகின்றனவா என்று பாருங்கள். சரிந்திருந்தால் குற்றம் கேமராவினுடையது, தச்சருடையது அல்ல. அரையடிப் பொம்மையும் ஆறடிக் கதவும் திரையில் ஒரே அளவில்தான் தெரியும். எனவே உயரத்தைப் படிக்காமல் எதையும் மதிப்பிட வேண்டாம்.

கள்ளக்குறிச்சி, சின்னசேலம், திருக்கோவிலூர் வட்டாரங்களில் நடக்கும் இந்த வேலைக்குப் புவிசார் குறியீடு 2021இல் கிடைத்தது. தமிழக அரசின் கைவினைப்பொருள் நிறுவனமான பூம்புகார் 2013இலேயே விண்ணப்பித்திருந்தது. இடையில் 2019இல் ஊரே தனி மாவட்டமாகிவிட்டது; குறியீடு வந்தது அதற்கும் பிறகுதான்! கள்ளக்குறிச்சி இருக்கும் கல்வராயன் மலையடிவாரத்திலிருந்து சென்னைக்கு 200 கிலோமீட்டருக்கு மேல். தேறுமா என்று தெரியாத முதல் சுற்றுக்காக ஒரு கனமான தசாவதாரப் பலகையை வண்டியேற்றி அனுப்புவது எந்தத் தச்சருக்கும் கட்டுப்படியாகாது. அந்த வகையில் ஆன்லைன் தேர்வு நல்லதே. 1769 முதல் ஆண்டுதோறும் நடக்கும் லண்டன் ராயல் அகாடமியின் கோடைக் கண்காட்சியிலும் இப்போது முதல் சுற்று டிஜிட்டல் படங்களை வைத்துத்தான். அதில் தேறியவையே நேரில் போகின்றன.

ஆனால் படம் ஒன்றே ஒன்று, அதுவும் முன்பக்கம் மட்டும் என்று விதி வைத்தால் மரச்சிற்பத்துக்கு அநியாயம் நடக்கும். முழு உருவச் சிற்பத்தில் பூணூல் தோளைத் தாண்டி முதுகில் எப்படி இறங்குகிறது, ஆடை மடிப்பு பின்னே தொடர்கிறதா, தேய்ப்புத்தாள் எதுவரை போயிருக்கிறது, உளித்தடம் எங்கே அப்படியே விடப்பட்டிருக்கிறது என்பதெல்லாம் பின்னால்தான் இருக்கிறது. பளிச்சென்ற ஃபிளாஷ் இதையெல்லாம் தட்டையாக்கிவிடும். சன்னலோரப் பக்க வெளிச்சம் ஒவ்வொரு வெட்டையும் எழுப்பிக் காட்டும். நடுவராகச் சம்மதிக்கும் முன்பே அமைப்பாளரிடம் இரண்டைக் கேட்டு வாங்குங்கள்: பக்க வெளிச்சத்தில் எடுத்த ஒரு படம், முதுகுப்புறப் படம் ஒன்று.