சீன விமானத்துக்கு எந்த வானம் திறக்கும்?

பாலக்காட்டுக்கு விமான நிலையம் கிடையாது. இடுக்கிக்கு ரயிலே கிடையாது. கொழிஞ்சாம்பாறை, சித்தூர்க்காரர்கள் வேலந்தாவளமோ வாளையாரோ தாண்டிக் கோவையில் விமானம் ஏறுகிறார்கள். மூணாறு, குமுளி ஆட்களுக்குக் கொச்சியின் நெடும்பாசேரி நிலையம், இல்லையென்றால் மதுரை. வளைகுடாச் சம்பளத்தை நம்பி நிற்கும் வீடுகள் எல்லையோரத்தில் ஏராளம். ஓணமும் பெருநாளும் வந்தால் டிக்கெட் விலை ஏறுவதும், ஊருக்கு வர நினைத்தவர் பயணத்தைத் தள்ளிப்போடுவதும் வருடாவருடம் நடக்கிறது. இதற்குக் காரணங்கள் பல. நாடுகளுக்கிடையிலான இருக்கை ஒப்பந்தங்களும் அதில் உண்டு. ஆனால் விமானமே போதவில்லை என்பதும் உண்மை. பெரிய விமானம் வேண்டுமென்றால் ஏர்பஸ், போயிங் இரண்டையும் விட்டால் வழியில்லை. இன்று ஆர்டர் கொடுத்தால் கைக்கு வர ஆண்டுக்கணக்கில் ஆகும். அதனால்தான் சீனாவின் கோமாக் நிறுவனம் செய்யும் சி919 வெளிநாட்டுச் சந்தைக்கு வருமா என்ற கேள்வி நம் ஊர்ப் பயணிக்கும் சம்பந்தமுள்ளதாகிறது.

விமானத்தைக் குறைசொல்ல அவசரப்படக் கூடாது. 2017 மே மாதம் முதன்முதலாகப் பறந்தது. 2022 செப்டம்பரில் சீன அரசின் சான்றிதழ் பெற்றது. 2023 மே 28 முதல் சைனா ஈஸ்டர்ன் நிறுவனம் பயணிகளை ஏற்றிப் பறக்கிறது. கோவையில் தினமும் இறங்கும் ஏர்பஸ் ஏ320 எந்த வகையோ, இதுவும் அந்த வகை. எஞ்சினும் அமெரிக்க-பிரெஞ்சுக் கூட்டு நிறுவனமான சிஎஃப்எம் செய்த லீப். அதே குடும்பத்து எஞ்சின் இண்டிகோவின் பல விமானங்களிலும் சுழல்கிறது.

அந்த எஞ்சினே பலவீனமும்கூட. 2025-ல் வர்த்தகச் சண்டை முற்றியபோது, கோமாக்குக்கு எஞ்சின் விற்பதற்கான உரிமத்தை அமெரிக்கா நிறுத்திவைத்தது. சில வாரங்களில் திருப்பிக் கொடுத்தது. வாஷிங்டனில் ஒரு கையெழுத்து நின்றால் ஷாங்காயில் தொழிற்சாலை தடுமாறும் என்பதை வாங்க நினைத்த எல்லோரும் பார்த்துவிட்டார்கள். சீனா சொந்த எஞ்சினை உருவாக்கி வருகிறது. அது நம்பிக்கை பெறக் காலம் பிடிக்கும்.

அடுத்த தடை சான்றிதழ். ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு முகமை ஒப்புதல் தர மூன்று முதல் ஆறு ஆண்டுகள் ஆகலாம் என்று அதன் தலைவர் 2025-ல் சொன்னார். ஐரோப்பாவுக்குப் பறக்காத நிறுவனத்துக்கும் இது முக்கியம். உலகில் பாதிக்கு நெருக்கமான விமானங்கள் குத்தகை நிறுவனங்களுக்குச் சொந்தமானவை. ஒருவர் திருப்பிக் கொடுத்த விமானத்தை வேறொரு நாட்டில் இன்னொருவருக்குக் கொடுக்க முடிய வேண்டும். சீனச் சான்றிதழ் மட்டும் உள்ள விமானத்துக்கு அந்த இரண்டாவது வாடிக்கையாளர் எளிதில் கிடைக்கமாட்டார்.

மூன்றாவது தடைதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. மூணாறு மலைப்பாதையில் ஜீப் ஓட்டுகிறவர் புது வண்டி வாங்கும்போது விலைக்கு முன்னால் கேட்பது, ஸ்பேர் கிடைக்குமா, இங்கே ரிப்பேர் பார்க்க ஆள் உண்டா என்பதைத்தான். நேபாளம் அதைக் கேட்கத் தவறியது. நேபாள் ஏர்லைன்ஸ் 2014 முதல் 2018 வரை சீனாவிலிருந்து இரண்டு எம்ஏ60, நான்கு ஒய்12இ விமானங்களைப் பெற்றது. ஒவ்வொரு வகையிலும் ஒன்று அன்பளிப்பு. மற்றவை சீன எக்சிம் வங்கியின் சலுகைக் கடனில் வாங்கியவை. ஓட்டப் பழகிய விமானிகள் போதவில்லை. உதிரிபாகம் எளிதில் கிடைக்கவில்லை. கிடைத்தபோது செலவு கையைக் கடித்தது. 2020 மார்ச்சில் ஓர் ஒய்12இ நேபாள்கஞ்சில் விபத்தில் சிக்கியது. அதே ஆண்டு ஜூலையில், பறக்கப் பறக்க நஷ்டம் என்று நிர்வாகம் எல்லாவற்றையும் நிறுத்திவைத்தது. குத்தகைக்கு விட முயன்றபோதும் எடுக்க ஆள் வரவில்லை. விமானங்கள் காத்மாண்டு நிலையத்தில் நின்றன, கடன் நிற்கவில்லை.

அவற்றைச் செய்தது கோமாக் அல்ல, வேறு சீன ஆலைகள். அவை சிறிய விசிறி விமானங்கள். ஆகவே நேபாளத்தை வைத்து சி919-ஐத் தள்ளிவிடுவது நியாயமாகாது. மேற்கத்தியப் பொருள் என்றால் இந்தத் தொல்லை இல்லை என்றும் சொல்ல முடியாது. 2023 மே மாதம் இந்திய நிறுவனமான கோ ஃபர்ஸ்டின் விமானங்கள் நின்றபோது, பிராட் அண்ட் விட்னி எஞ்சின்கள் பழுதாகி மாற்று கிடைக்காததையே நிறுவனம் காரணமாகச் சொன்னது. அப்போது டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு தவித்தவர்களில் கொச்சியிலிருந்தும் கண்ணூரிலிருந்தும் புறப்பட வேண்டியவர்களும் உண்டு.

கோமாக்கின் சிறிய விமானமான சி909 தென்கிழக்கு ஆசியாவில் போகும் வழி இதனால்தான் கவனிக்கத்தக்கது. இந்தோனேசியாவின் டிரான்ஸ்நூசா 2023 முதல் அதைப் பறக்கவிடுகிறது. லாவோஸ் 2025-ல் சேர்ந்தது. வியட்நாமின் வியட்ஜெட் 2025-ல் செய்தது இன்னும் புத்திசாலித்தனம்: செங்டு ஏர்லைன்ஸிடமிருந்து விமானத்தை ஓட்டுநர் குழுவோடு சேர்த்தே வாடகைக்கு எடுத்தது. பழுது, பயிற்சி, உதிரிபாகம் எல்லாம் கொடுத்தவர் தலையில். எடுத்தவருக்குக் கடன் சுமை இல்லை. நேபாளம் இப்படித் தொடங்கியிருந்தால் இழப்பு சிறிதாக இருந்திருக்கும். சி919-ம் அடுத்த பத்தாண்டில் இந்தப் பாதையில்தான் வெளியே வரும் என்று நினைக்கிறேன். அதற்கும் உற்பத்தி பெருக வேண்டும். 2025-ல் 75 விமானம் கொடுப்போம் என்ற இலக்கையே 25 ஆகக் குறைக்க வேண்டியிருந்தது.

இந்தியாவுக்கு சி919 வராது. எல்லைப் பகை இருக்கும்வரை எந்த இந்திய நிறுவனமும் கேட்கப்போவதில்லை. ஆனால் இதே கேள்வி வேறு வாசல் வழியாக வந்துவிட்டது. 2025 அக்டோபரில் இந்தியப் பொதுத்துறை விமானத் தயாரிப்பு நிறுவனமான எச்ஏஎல், ரஷ்யாவின் எஸ்ஜே-100 பயணிகள் விமானத்தை இங்கே தயாரிக்க மாஸ்கோவில் ஒப்பந்தம் போட்டது. இதன் முந்தைய வடிவமான சூப்பர்ஜெட்டை மெக்சிகோவின் இன்டர்ஜெட் ஆசையோடு வாங்கியது. பிறகு உதிரிபாகம் கிடைக்காமல், சில விமானங்களைப் பிரித்து மற்றவற்றுக்குப் பொருத்தியது. நம் சிறு ஊர்களை இணைக்கப்போகும் விமானம் என்று இதைச் சொல்கிறார்கள். எத்தனை செய்வார்கள் என்பதற்கு முன்னால், எஞ்சின் பழுதானால் எத்தனை நாளில் மாற்று வரும், அதற்கு யார் பொறுப்பு என்பதை எச்ஏஎல் எழுத்தில் வாங்கி வெளியிட வேண்டும்.