இரண்டாவது ரூட்டரும் இரட்டிப்பு வேகமும்

வீட்டில் இணையம் மந்தமாக இருக்கிறதா? இன்னொரு ரூட்டரை வாங்கி மாட்டுங்கள், வேகம் கூடிவிடும் என்று பலர் யோசனை சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். கடையில் அடுக்கியிருக்கும் ரூட்டர் பெட்டிகளின் மேலும் 1200, 3000 என்று பெரிய எண்கள் நம்மை அழைக்கின்றன. இந்த யோசனையில் சிறிது உண்மை இருக்கிறது. அதைவிட மிகுதியாகக் குழப்பம் இருக்கிறது. இரண்டையும் பிரித்துப் பார்ப்போம்.

மாதச் சம்பளத்தில் வாழும் குடும்பத்திற்கு ஒரு ரூட்டரின் விலை சிறு தொகை அன்று. மாடி அறையில் இணையவழிப் பாடம் கேட்கும் மாணவிக்கோ, பாடம் நடுவில் அறுந்து போவது பணத்தைவிடப் பெரிய இழப்பு. மருந்து சரியாக வேண்டுமானால் முதலில் நோய் எது என்று தெரிய வேண்டும் அல்லவா?

"வேகம்" என்ற சொல்

குழப்பம் தொடங்குவதே இந்தச் சொல்லில்தான். ரூட்டரிலிருந்து புறப்படும் அலை ஒரு மின்காந்த அலை. விலை மலிந்த ரூட்டரானாலும் உயர்ந்த ரூட்டரானாலும் அது நொடிக்கு ஏறத்தாழ 3 லட்சம் கிலோமீட்டர் வேகத்தில்தான் செல்லும். அந்த வேகத்தைக் கூட்ட யாராலும் முடியாது. நாம் "வேகம்" என்று சொல்வது, ஒரு நொடியில் எத்தனை பிட்டுகள் வந்து சேருகின்றன என்ற அளவைத்தான். குழாயில் நொடிக்கு எத்தனை லிட்டர் தண்ணீர் வருகிறது என்று கேட்பது போன்றது இது.

உங்கள் வீட்டிற்கு வரும் கண்ணாடி இழையில் நொடிக்கு 50 மெகாபிட் தரும் திட்டத்திற்குப் பணம் கட்டியிருக்கிறீர்கள் என்று கொள்வோம். 1 கிகாபைட் அளவுள்ள ஒரு படம் 8000 மெகாபிட் ஆகும். அது வந்து சேர எவ்வளவு குறைத்தாலும் 160 நொடிகள் ஆகும். வீட்டிற்குள் ஒரு ரூட்டர் இருந்தாலும் நான்கு இருந்தாலும் இந்த 160 நொடி குறையாது. தெருக்குழாயில் வருகிற தண்ணீர் அவ்வளவுதான் என்றால், வீட்டிற்குள் இன்னொரு குழாய் பொருத்துவதால் தண்ணீர் பெருகுமா?

பெட்டியின் மேலுள்ள எண்

இப்போது விளம்பரத்திற்கு வருவோம். "ஏசி 1200" என்று எழுதிய ரூட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். அது இரண்டு அலைவரிசைகளில் இயங்குவது. 2.4 கிகாஹெர்ட்ஸ் வரிசையில் நொடிக்கு 300 மெகாபிட். 5 கிகாஹெர்ட்ஸ் வரிசையில் 867 மெகாபிட். இரண்டையும் கூட்டினால் 1167. அதை முழு எண்ணாக்கி 1200 என்று அச்சிட்டுவிடுகிறார்கள்.

ஆனால் உங்கள் கைப்பேசி சாதாரணமாக ஒரு நேரத்தில் ஒரு வரிசையில்தான் இணைகிறது. மணிக்கு 60 கிலோமீட்டர் செல்லும் பேருந்தையும் 40 கிலோமீட்டர் செல்லும் பேருந்தையும் ஒரே நிறுவனம் வைத்திருக்கிறது. "எங்கள் பேருந்தில் 100 கிலோமீட்டர் வேகம்" என்று அந்த நிறுவனம் விளம்பரம் செய்தால் ஒப்புக்கொள்வீர்களா? கூட்டப்பட்ட எண் ஒவ்வொன்றும் உண்மை. கூட்டல் தொகைதான் பயணிக்குப் பொருளற்றது.

மேலும், 867 என்பது மிகச் சிறந்த நிலையில் வானொலி அலையின் மேல் ஏற்றப்படும் அளவு. முகவரி, சரிபார்ப்பு, "கிடைத்தது" என்ற பதில், முறைக்காகக் காத்திருக்கும் நேரம் ஆகியவை போக மிஞ்சுவதே நமக்குப் பயன்படும். போதாததற்கு, விலை குறைந்த சில ரூட்டர்களின் பின்புறத்தில் உள்ள கேபிள் துளைகள் நொடிக்கு 100 மெகாபிட்டுக்கு மேல் கடத்தாதவை. வாசல் குறுகலாக இருக்க, கூடம் அகலமாக இருந்து என்ன பயன்? வாங்குமுன் பெட்டியின் முகப்பை விட்டு, ஓரத்தில் சிறிய எழுத்தில் உள்ளதைப் படிப்பது நல்லது.

உண்மை எங்கே இருக்கிறது?

இனி இந்த யோசனையில் உள்ள நியாயத்தைப் பார்ப்போம். திறந்தவெளியில் தொலைவு இரு மடங்கானால் அலையின் செறிவு நான்கில் ஒரு பங்காகும். 2 மீட்டரிலிருந்து 8 மீட்டருக்கு நகர்ந்தால் பதினாறில் ஒரு பங்கு. இதோடு சுவர்களும் சேருகின்றன. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 12.5 சென்டிமீட்டர், 5 கிகாஹெர்ட்ஸ் அலைக்கு 6 சென்டிமீட்டர். காங்கிரீட் தளமும் அதனுள் இருக்கும் இரும்புக் கம்பிகளும் இரண்டையுமே தடுக்கின்றன. 5 கிகாஹெர்ட்ஸ் அலை சுவரில் மேலும் அதிகமாக நலிகிறது.

குறிகை நலிந்தால் செய்தியின் அளவு ஏன் குறைய வேண்டும்? இதற்கு 1948ஆம் ஆண்டில் கிளாட் ஷானன் விடை கூறினார். ஒரு வழியில் நொடிக்கு எத்தனை பிட் அனுப்பலாம் என்பதற்கு உச்ச வரம்பு உண்டு. அது அலைவரிசையின் அகலத்தையும், குறிகைக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதத்தையும் பொறுத்தது. குறிகை நன்றாக இருக்கும் நிலையில், அது பாதியாகக் குறையும் ஒவ்வொரு முறையும் ஒரு ஹெர்ட்ஸுக்கு ஒரு பிட் வீதம் இழக்கிறோம். பதினாறில் ஒரு பங்கு என்பது நான்கு முறை பாதியாவது. 20 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள வழியில், வரம்பு நொடிக்கு 80 மெகாபிட் இறங்கிவிடும். மாடி அறையில் பாடம் அறுந்து போவதற்குக் காரணம் இதுவே. அங்கே இரண்டாவது ரூட்டர் நியாயமாகவே உதவும்; ஆனால் அதை எப்படி இணைக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

காற்று பொதுச்சொத்து

1971ஆம் ஆண்டில் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஆப்ராம்சன் குழுவினர் தீவுகளிடையே கணினிச் செய்திகளை வானொலி வழியே அனுப்பினார்கள். யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் அனுப்பலாம். மோதினால் மறுபடி அனுப்பலாம் என்பது அவர்கள் முறை. இம்முறையில் வழியின் திறனில் அதிக அளவாக 18 சதவீதமே பயன்படும் என்று கணக்கு காட்டுகிறது. எஞ்சியதை மோதல்களும் வெறுமையும் விழுங்கிவிடும்.

இன்றைய வைஃபை இதைவிட நாகரிகமானது. முதலில் காது கொடுத்துக் கேட்கும். வேறு யாரும் பேசவில்லை என்றால்தான் பேசும். ஆயினும் ஒரே வழியில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும் என்ற விதி மாறவில்லை.

கம்பியில்லாமல் இயங்கும் மலிவான ரிப்பீட்டரை இங்கே எண்ணிப் பாருங்கள். கீழ்வீட்டு ரூட்டர் சொன்னதை அது முதலில் கேட்கிறது. பிறகு அதே வழியில் அதையே உங்களுக்குத் திரும்பச் சொல்கிறது. ஒவ்வொரு செய்தியும் காற்றில் இருமுறை செல்கிறது. ஆகவே அந்த வழியில் கிடைக்கும் அளவு ஏறத்தாழப் பாதியாகிறது. கைப்பேசியில் குறிகைக் கோடுகள் நிறைந்திருக்கும். பாடமோ தயங்கித் தயங்கி வரும். "இரட்டிப்பு வேகம்" என்று வாங்கியது பாதி வேகமாக முடிவது இப்படித்தான்.

சரியான வழி, இரண்டு ரூட்டர்களுக்கும் இடையே லேன் கேபிள் போடுவதே. கேட் 5 இ வகைக் கேபிள் 100 மீட்டர் வரை நொடிக்கு 1000 மெகாபிட் கடத்த வல்லது. இரண்டாவது ரூட்டரை "ஆக்சஸ் பாயின்ட்" நிலைக்கு மாற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் இரண்டும் தனித்தனியே முகவரி வழங்கத் தொடங்கும். ஒரே தெருவில் இரண்டு அலுவலகங்கள் வீட்டு எண் போட்டது போலாகும். 2.4 கிகாஹெர்ட்ஸில் 1, 6, 11 ஆகிய வழிகள் ஒன்றன்மேல் ஒன்று படியாதவை. கீழே 1 என்றால் மேலே 6 அல்லது 11 வையுங்கள். அடுத்த வீட்டு ரூட்டரும் அதே காற்றில்தான் பேசுகிறது என்பதை மறக்க வேண்டாம். நம் நாட்டில் 5 கிகாஹெர்ட்ஸ் வரிசையின் பெரும்பகுதி 2018ஆம் ஆண்டில் உரிமமின்றிப் பயன்படுத்தத் திறந்துவிடப்பட்டது. அங்கே இடம் தாராளம். ஒரே அறைக்குள் அதுவே சிறந்தது.

வாங்குமுன் ஒரு சோதனை

மாணவர்களே, இதை நீங்களே செய்து பார்க்கலாம். வேகம் அளக்கும் இலவசச் செயலி ஒன்று போதும். முதலில், கணினியை ரூட்டருடன் கேபிளால் இணைத்து அளந்து கொள்ளுங்கள். இரண்டாவதாக, அதே அறையில் வைஃபை வழியே அளந்து கொள்ளுங்கள். மூன்றாவதாக, தொல்லை தரும் அறையில் அளந்து கொள்ளுங்கள். ஒவ்வொன்றையும் மும்முறை செய்து சராசரி எடுங்கள்; வீட்டில் வேறு யாரும் இணையத்தைப் பயன்படுத்தாத நேரமாகப் பாருங்கள்.

முதல் அளவே திட்டத்தில் சொன்னதைவிட மிகக் குறைவென்றால், குறை வெளியிலிருந்து வரும் இணைப்பில் இருக்கலாம். இணைய நிறுவனத்திடம் கேளுங்கள். முதலாவது சரியாக இருந்து இரண்டாவது குறைந்தால், வழியெண்ணையோ அலைவரிசையையோ மாற்றிப் பாருங்கள்; ரூட்டர் பழையதாகவும் இருக்கலாம். முதல் இரண்டும் சரியாக இருந்து மூன்றாவது மட்டும் விழுந்தால், தொலைவும் சுவருமே காரணம். அப்போதும் உடனே கடைக்கு ஓடாதீர்கள். இரும்புப் பீரோவின் பின்னாலோ மூலையிலோ கிடக்கும் ரூட்டரை வீட்டின் நடுவில் உயரமான இடத்தில் வைத்து மறுபடி அளந்து பாருங்கள். அதற்கும் சரிவராவிட்டால் இரண்டாவது ரூட்டரை வாங்குங்கள். கூடவே கேபிளையும் வாங்குங்கள்.

இரண்டாவது ரூட்டர் எட்டாத இடத்திற்கு இணையத்தை எட்டச் செய்யும். இல்லாத இணையத்தை உண்டாக்காது. பெட்டியின் மேலுள்ள எண் விற்பவருடையது. நீங்கள் அளந்து எழுதிய ஒன்பது எண்களே உங்கள் வீட்டுக்கு உரியவை. முடிவு அவற்றைக் கொண்டு எடுக்கப்படட்டும்.